மூன்று சில்லுக்கும் ஒரே மிதி

அன்று பென்ரோஸ் பட்டறை முற்றத்தில் நின்றவர்களை முதலில் எழுதிவிடுகிறேன்.

நான். என் மனைவி. ஈப்போவில் பிறந்த மலேசியத் தமிழர் ஒருவர். அவருக்கு ஆல்பனியில் அலுவலக வேலை. படகு எஞ்சின் திருத்தி ஓய்வுபெற்ற வெள்ளைக்காரர் ஒருவர். அவருடைய நாய். வண்டிப் பரிசோதகர்.

பரிசோதகர்தான் புது ஆள். மற்ற நாங்கள் எல்லோரும் ஒவ்வொரு சனிக்கிழமையும் அங்கேதான் நிற்போம்.

எங்களில் ஆண்கள் மூவருக்கும் ஆளுக்கொரு ட்ரைக். மூன்று சில்லு வைத்த மோட்டார் சைக்கிளைத்தான் ட்ரைக் என்பார்கள். நீண்ட பயணம் போகவென்று செய்த பாரமான மோட்டார் சைக்கிளை எடுத்து, பின்பக்கத்தை வெட்டி, ஒற்றைச் சில்லு இருந்த இடத்தில் கார் அச்சைப் பொருத்தினால் பின்னால் இரண்டு சில்லு வரும். விழாது. காலை ஊன்றத் தேவையில்லை. எனக்கு அதுதான் வேண்டும். என் இடது கணுக்கால் மடங்காது. எண்பத்தேழில் மன்னாரில் போனது. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

மலேசியக்காரர் தன்னுடையதைக் காசு கொடுத்துச் செய்வித்தவர். அதில் முப்பத்தாறு விளக்கு, இரண்டு ஹோர்ன், பாட்டுப் பெட்டி. ஒவ்வொரு சனியும் புது விளக்கொன்றோடு ஹார்பர் பாலம் கடந்து வருவார். என் மனைவி கேட்பாள்.

"தம்பி, சுவாமி எங்க? தேர் மட்டும் வந்திருக்கு."

"சுவாமி நான்தான் அக்கா. ஒரு தேங்காய உடைங்க."

வெள்ளைக்காரரின் ட்ரைக் சிவப்பு. பின்னால் நாய்க்கு ஒரு பெட்டி. நாய்க்குக் கண்ணில் போடக் கண்ணாடியும் உண்டு. வேலையில் சுத்தமான மனுஷன். ஒரு நட்டை இறுக்கினால் அதன்மேல் வெள்ளைப் பெயின்ற்றால் கோடு போடுவார். கோடு விலகினால் நட்டு தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். அந்தப் பழக்கம் எனக்கும் ஒட்டிக்கொண்டது.

சனிக்கிழமை என்றால் ஒயில் மாற்றுவோம். கிரீஸ் அடிப்போம். பின் டயர்களின் காற்றை அளப்போம். இரண்டு பக்கமும் ஒரே அளவு இல்லாவிட்டால் ட்ரைக் ஒரு பக்கம் இழுக்கும். மழை வந்தால் ட்ரெயிலர்களுக்கு இடையில் தள்ளிவைத்துவிட்டுத் தேத்தண்ணி குடிப்போம். அது நான் வேலை செய்த பட்டறை. ட்ரெயிலர் செய்கிற இடம். முதலாளி சனிக்கிழமை முற்றத்தை எங்களுக்கு விட்டிருந்தார்.

என்னுடையதை நானே செய்தேன். இரண்டு வருடம் பிடித்தது. அடிபட்டுக் கிடந்த மோட்டார் சைக்கிள் ஒன்று. வெட்டிப்போட்ட ஜப்பான் கார் ஒன்றின் அச்சு. சட்டம் முழுவதும் என் வெல்டிங். பின் சில்லுக் காப்புகளை வெள்ளைக்காரர் படகுக்குப் பூசும் ஃபைபரில் வார்த்துத் தந்தார். சீட்டை என் மனைவி தைத்தாள். ரெக்சின் தடிப்பு. ஏழு ஊசி உடைந்தது.

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். வரைபடம் போடத் தெரியாது. சோக்கால் தரையில் கீறி, அதன்மேல் இரும்பை வைத்து வெட்டினேன்.

ஊரில் நான் ஓட்டோ ஓடினவன். ஓட்டோவில் கியர் இடக்கையில். பிரேக் வலது காலில். ஒரு மிதி மிதித்தால் மூன்று சில்லும் பிடிக்கும். மோட்டார் சைக்கிளில் அப்படி இல்லை. கியருக்கு இடது கால் வேண்டும். என்னுடைய இடது கால் அதற்கு உதவாது. ஆகவே கியரை இடக்கைக்குக் கொண்டுவந்தேன். அதோடு நிற்கவில்லை. பிரேக்கையும் ஓட்டோவில் இருந்த மாதிரியே வைத்தேன். வலது கால் மிதி மூன்று சில்லுக்கும். வலக்கைப் பிடி முன் சில்லுக்கு மட்டும், துணைக்கு.

இப்படி மாற்றிக் கட்டிய வண்டி தெருவில் ஏறவேண்டுமென்றால் பரிசோதகரின் கையெழுத்து வேண்டும். இல்லாவிட்டால் அது முற்றத்துச் சாமான்தான். ஒன்பது வருடமாக நான் எதையும் ஓடவில்லை. வீட்டுக்குக் கிட்ட நியூ லின்னில் ரயில் ஏறி, பிறகு பஸ் ஏறி வேலைக்கு வருவேன். மற்றவன் ஓட நான் பின்னால் இருப்பேன். அந்தக் கையெழுத்துக் கிடைத்தால் அதற்கு ஒரு முடிவு வரும்.

பரிசோதகர் ஒன்பது மணிக்கு வந்தார். அறுபது வயது இருக்கும். பழைய தோல் ஜாக்கெட். நாற்பது வருடம் மோட்டார் சைக்கிள் ஓடியதாக அவரே சொன்னார். ஆங்கிலத்தில்தான் கதைத்தோம். நான் தமிழில் எழுதுகிறேன்.

மல்லாக்கப் படுத்து ட்ரைக்குக்கு அடியில் போனார். கைவிளக்கும் சின்னச் சுத்தியலும் வைத்திருந்தார். என் ஒவ்வொரு வெல்டையும் தட்டிப் பார்த்தார். அரை மணித்தியாலம். நான் அவருடைய சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வெளியே வந்து கை துடைத்தார்.

"இந்த வெல்டிங் செய்தது யார்?"

"நான்."

"அப்படியே விடு. பெயின்ற் பூசி மறைக்காதே."

வெள்ளைக்காரர் என் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். என்னை அவ்வளவுக்குச் சந்தோஷப்படுத்திய சொல் இந்த நாட்டில் அதுவரை யாரும் சொன்னதில்லை. நான் தலையை ஆட்டினேன்.

அடுத்தது பிரேக். முற்றத்தில் சோக்கால் கோடு போட்டார். முப்பது கிலோமீற்றர் வேகத்தில் வந்து, கோட்டில் பிரேக் பிடித்தால் ஏழு மீற்றருக்குள் நிற்கவேண்டும். நின்றால் கையெழுத்து. நிற்காவிட்டால் பிரேக் முழுவதையும் கழற்றி வேறு விதமாகச் செய்யவேண்டும். அதைச் சொல்லிவிட்டு அவரே ஏறினார்.

வந்தார். கோட்டில் கையை இறுக்கினார். முன் சில்லு கிரீச்சென்று சறுக்கியது. ட்ரைக் போய்க்கொண்டே இருந்தது. அளந்தோம். ஒன்பது மீற்றர் இருபது.

இரண்டாம் முறையும் கைதான். இந்த முறை நிற்குமுன் பழக்கத்தில் இடது காலைத் தரையில் வைத்துவிட்டார். பின் சில்லு சப்பாத்தின் குதியில் ஏறி இறங்கியது. கால் தப்பியது. குதி கழன்றுவிட்டது. ட்ரைக்கில் காலைக் கீழே வைக்கக்கூடாது என்பது மூன்று சில்லு ஓடினவனுக்குத் தெரியும். நாற்பது வருடம் இரண்டு சில்லு ஓடினவருக்கு அது மறந்துபோகும். நாய் குரைத்தது.

எட்டு மீற்றர் தொண்ணூறு. குதி இல்லாத சப்பாத்தோடு நொண்டி வந்து, முடிவை எழுதத் தன் தாளை எடுத்தார்.

மலேசியக்காரர் என் காதருகே வந்தார்.

"அண்ணே, வாயத் தொறங்க. அவரு எழுதிட்டாருன்னா அவ்வளவுதான். இல்லாட்டி நான் பேசறேன் லா. எனக்கு இங்கிலீசு நல்லா வரும்."

"வேண்டாம். நான் கதைக்கிறன்."

"எப்போ? அடுத்த வருசமா?"

நான் பரிசோதகரின் முன்னால் போய் நின்றேன்.

"கை இல்லை. கால்," என்றேன்.

"என்ன?"

"பிரேக் காலில் இருக்கிறது. நீங்கள் கையால் பிடிக்கிறீர்கள். இது மோட்டார் சைக்கிள் இல்லை. பாரம் பின்னால் இருக்கிறது. காலால் மிதித்தால் மூன்று சில்லும் பிடிக்கும்."

என் வாயிலிருந்து ஒரேயடியாக அவ்வளவு ஆங்கிலம் வந்தது அன்றைக்குத்தான்.

அவர் கோபப்படவில்லை. யோசித்தார். பிறகு சரியான கேள்வியைக் கேட்டார்.

"நீ கட்டினாய். நீ நிறுத்துவாய். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் நாளைக்கு இதை வேறொருவர் ஓடினால்? நாற்பது வருடம் ஓடின என்னாலேயே நிறுத்த முடியவில்லை."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. வெள்ளைக்காரர் தரையைப் பார்த்தார்.

"இஞ்சாருங்கோ," என்றாள் மனைவி. "என்னவாம் அவர்?"

சொன்னேன்.

"அப்ப நான் ஓடிக் காட்டட்டே?"

"ஓடுவீரோ?"

"ஏன் ஓடமாட்டன்? உங்கட பிரேக்கை ஆர் மிதிச்சது இவ்வளவு நாளும்?"

அது உண்மை. பிரேக் குழாயில் காற்றிருந்தால் பிடிக்காது. காற்றை எடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மேலே இருந்து மிதிக்கவேண்டும், மற்றவர் கீழே படுத்துத் திருகாணியைத் திறந்து மூடவேண்டும். மேலே இருந்தது அவள். 'மிதி' என்பேன், மிதிப்பாள். 'விடு' என்பேன், விடுவாள். எத்தனை சனிக்கிழமை என்று தெரியாது. சில்லு நேராக ஓடுகிறதா என்று நான் நிலத்தில் இருந்து பார்க்கவேண்டி வந்தபோதும் அவள்தான் முற்றத்தைச் சுற்றி ஓடினாள். ஆனால் முப்பதில் ஓடினதில்லை. பத்தில்தான்.

நான் பரிசோதகரிடம் சொன்னேன். அவர் அவளைப் பார்த்தார். சேலையில்லை, என்னுடைய பழைய பட்டறைக் காற்சட்டை. கால்களை மடித்துவிட்டிருந்தாள்.

"மோட்டார் சைக்கிள் ஓடியிருக்கிறாரா?"

"இல்லை. கார் லைசென்ஸ் இருக்கிறது."

"இது தெரு இல்லை. ஓடட்டும்," என்றார். "ஆனால் நான் பின்னால் இருப்பேன். முப்பது என்பது முப்பதாகவே இருக்கவேண்டும். அவர் ஏழுக்குள் நிறுத்தினால் இங்கேயே கையெழுத்துப் போடுகிறேன்."

பின்னால் ஏறி, அவள் தைத்த சீட்டில் உட்கார்ந்தார். அவர் பாரமான ஆள். அந்தப் பாரம் எனக்கு உதவுமா உபத்திரவமா என்று கணக்குப் போட முயன்றேன். வரவில்லை.

வெள்ளைக்காரர் தன் தலைக்கவசத்தை அவளுக்குப் போட்டுவிட்டார். பெரிதாக இருந்தது. வாரை இறுக்கினார். மலேசியக்காரருக்குச் சும்மா இருக்க முடியவில்லை.

"அக்கா, சுவாமி ஏறிட்டாரு. தேரை இழுங்க லா."

"விசரன்," என்றாள் தலைக்கவசத்துக்குள் இருந்து.

நான் கிட்டப் போனேன். என்ன சொல்ல இருந்தேன் என்று இப்போது ஞாபகமில்லை. அவள்தான் கேட்டாள்.

"கையைத் தொடவேண்டாம், என்ன?"

"ஓம். தொடவேண்டாம்."

"காலைக் கீழ வைக்கவேண்டாம்."

"ஓம்."

"பின்ன என்ன. நீங்கள் தள்ளி நில்லுங்கோ."

முற்றத்தின் கோடிக்குப் போய்த் திரும்பினாள். இடக்கையால் கியர் போட்டாள். முதலாவது. இரண்டாவது. சத்தத்தில் ஒரு விக்கல்கூட இல்லை. கிளட்ச் கேபிளை முதல் நாள்தான் மாற்றியிருந்தேன். பரிசோதகர் அவளுடைய தோளுக்கு மேலால் வேக மீற்றரை எட்டிப் பார்த்தபடி ஒரு விரலை உயர்த்திக் காட்டினார். முப்பது.

அவளுடைய முகம் எனக்குத் தெரியவில்லை. நான் பார்த்தது அவளுடைய வலது சப்பாத்தை மட்டும்.

கோட்டில் மிதித்தாள்.

மூன்று சில்லும் ஒன்றாகப் பிடித்தன. சறுக்கவில்லை. இழுக்கவில்லை. முன்பக்கம் ஒருமுறை தாழ்ந்து எழும்பியது. பரிசோதகரின் மூக்கு அவளுடைய தலைக்கவசத்தில் இடித்தது. நின்றது.

அவள் காலைக் கீழே வைக்கவில்லை. மிதியை விடவும் இல்லை. நான் 'விடு' என்று சொல்லும்வரை விடமாட்டாள் என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை. அளந்து முடியட்டும் என்றிருந்தேன்.

அளவு நாடாவின் ஒரு முனையை நான் கோட்டில் பிடித்தேன். வெள்ளைக்காரர் மறுமுனையை முன் சில்லுவரை இழுத்துக்கொண்டு போனார். பரிசோதகர் மூக்கைத் தடவிக்கொண்டு இறங்கினார். வெள்ளைக்காரரை வாசிக்க விடவில்லை. தானே குனிந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, சத்தமாக வாசித்தார்.

ஐந்து மீற்றர், எண்பது.