பெட்டரிக்கும் குளிருமே!

லெப்டொப் திருத்துபவன் என்று கடைப் பலகையில் எழுதியிருந்தாலும், அக்கரப்பத்தனையில் என் உண்மையான தொழில் ஊராருக்கு ஒன்லைனில் சாமான் எடுத்துக் கொடுத்து, அது வந்து சேரும்வரை அவர்களிடம் ஏச்சு வாங்குவதுதான். படத்தைப் பார்த்துக் காசைக் கட்டிவிட்டு, வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அனுபவம் உங்களுக்கும் இருந்தால் நீங்களும் என் கட்சி. சுகந்தினியின் பெட்டரி வந்த கதையைக் கேளுங்கள்.

அடுப்புக்கு மேலே

சுகந்தினி பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை, கணக்கியல் படித்தவள். லயத்து வீட்டில் இருந்தபடியே கொழும்புக் கம்பனி ஒன்றுக்கு வேலை செய்ய விண்ணப்பித்திருந்தாள். வெள்ளிக்கிழமை ஒன்லைனில் நேர்முகம், லெப்டொப்பில் கணக்குப் போட்டுக் காட்ட வேண்டும். இதற்கு முன் ஒரு கம்பனி கேள்வி கேட்டுக்கொண்டிருந்தபோதே கரண்ட் போய், லெப்டொப்பும் அணைந்து, அவர்கள் திரும்பக் கூப்பிடவே இல்லையாம். கேட்கவே எனக்குப் பாவமாக இருந்தது.

அப்பா ராமையாவும் கூட வந்திருந்தார். திறந்து பார்த்தால் பெட்டரி எண்ணெயில் போட்ட பூரி மாதிரி உப்பியிருக்கிறது. "இதை எங்கே வைக்கிறீங்க?" என்றேன். மழை மாதத்தில் ஈரம் பிடிக்காமல் இருக்க, விறகு காயப் போடும் பரணில், அடுப்புக்கு நேர் மேலே வைத்ததாக ராமையா பெருமையாகச் சொன்னார். பெட்டரிக்குச் சூடுதான் எமன் என்று நான் பெரிய பிரசங்கமே செய்தேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னது:

"அதுக்காகப் புள்ளையோட பொருளக் குளிருல நடுங்க விடச் சொல்றீங்களா தம்பி?"

ஐந்து நட்சத்திரம்

ஒரே பெட்டரியை ஒன்லைனில் பத்துப் பேர் விற்கிறார்கள். பத்துப் பேருமே தங்களுடையதுதான் அசல் என்கிறார்கள். பக்கத்துக் கடை நிஜாம் நானா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து, வாங்கியவர்கள் எழுதியதையெல்லாம் சத்தமாக வாசித்தார். 'பெட்டி உடையாமல் வந்தது, ஐந்து நட்சத்திரம்.' 'இன்னும் போட்டுப் பார்க்கவில்லை, ஐந்து நட்சத்திரம்.' கடைசியில் ஆறு மாத உத்தரவாதம் தருகிறேன் என்ற ஆளைத் தெரிவு செய்து, கண்ணை மூடிக்கொண்டு பொத்தானை அமுக்கினேன். நிஜாம் நானா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடியே சொன்னார்:

"எல்லாரும் பெட்டிக்குத்தான் ஸ்டார் குடுத்திருக்கான், உள்ளுக்கு இருக்கிறதுக்கு ஒருத்தனும் குடுக்கல்ல."

எஞ்சின் மேலே

வியாழக்கிழமை பார்சல்காரர் போன் எடுத்தார். வேன் தலவாக்கலைக்கு மேலே வராதாம், பஸ்ஸில் போட்டு விடட்டுமா என்று சிங்களத்தில் கேட்டார். சரி என்றேன். எங்கள் பக்கம் மருந்து, கல்யாணப் புடவை, உயிர்க்கோழி எல்லாம் பஸ் கண்டக்டரை நம்பித்தான் மலை ஏறுகின்றன.

சாயந்தரம் பஸ் வந்ததும் ஓடினேன். கண்டக்டர் பார்சலை இரண்டு கையாலும் ஏந்திக் கொடுத்தார். வாங்கிய நான் கீழே போடாதது அதிசயம், அப்படிச் சுட்டது! டிரைவருக்குப் பக்கத்தில் எஞ்சின் மூடிமேல் வைத்துக் கொண்டுவந்திருக்கிறார். இந்தக் குளிர் நாட்டில் யாருக்காவது எதன்மேலாவது பாசம் வந்துவிட்டால் உடனே சூடு காட்டிவிடுகிறார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவரோ என் முகத்தைப் பார்த்து நன்றியில் கலங்குகிறேன் என்று நினைத்துவிட்டார்.

"ஒரு ஆள உக்கார விடலண்ணே, பச்சப்புள்ளயாட்டம் கதகதன்னு கொண்டாந்திருக்கேன்!"

படங்குக்குள்ளே

சூடு ஆறவிட்டு லெப்டொப்பில் பூட்டினேன், நல்லவேளை வேலை செய்தது. ஆனாலும் வெள்ளிக்கிழமை எனக்குக் கடையில் இருப்புக் கொள்ளவில்லை. லயத்துக்கே போய்விட்டேன். வெளியே நல்ல மழை. லெப்டொப் அடுப்புக்குத் தூரத்தில், கம்பளி போர்த்திக்கொண்டு இருந்தது. "சூடும் இல்ல, குளிரும் இல்ல" என்றார் ராமையா.

நேர்முகம் தொடங்கியது. கொழும்பு மேடம் தமிழிலேயே கேட்டார், சுகந்தினி மளமளவென்று பதில் சொன்னாள். பாதியில் காற்று ஒன்று அடித்தது, கரண்ட் போய்விட்டது. லெப்டொப் அணையவில்லை! நானும் ராமையாவும் சத்தமில்லாமல் கை குலுக்கிக்கொண்டோம். ஆனால் திரையில் மேடம் வாயைத் திறந்தபடி அசையாமல் நின்றார். பெட்டரி பெட்டரி என்று வாரம் முழுக்க அலைந்த எங்களில் ஒருவருக்கும், ரவுட்டருக்கும் கரண்ட் வேண்டும் என்று தோன்றவில்லை.

அந்த லயத்தில் போன் சிக்னல் எடுப்பது மேலே தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் மட்டும்தான். சுகந்தினி லெப்டொப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடினாள். மலையில் மழைக்குப் போர்த்தும் படங்கை உருவிக்கொண்டு ராமையா பின்னால் ஓடினார். ஒரு முனையை அவரும் மறு முனையை நானும் தூக்கிப் பிடிக்க, பிள்ளை நடுவில் குந்திக்கொண்டு போனில் இருந்து இன்டர்நெட் லைன் எடுத்தாள். மேடம் திரும்ப வந்துவிட்டார். அவருக்குத் தெரிந்ததெல்லாம் இருட்டும், ஒரு படங்கும், தண்ணீர் சொட்டும் ஒரு கையும்தான். "யாரது பக்கத்தில்?" என்றார் திகைத்துப்போய்.

ராமையா குனிந்து திரைக்குள் முகத்தை நீட்டினார்.

"நான் அப்பாங்க. நீங்க பாட்டுக்குக் கேளுங்கம்மா. பெட்டரியும் நிக்கும், நாங்களும் நிப்போம்."

இன்னொரு ஓடர்

வேலை கிடைத்துவிட்டது. சுகந்தினி அப்பாவையும் கூட்டிக்கொண்டு லட்டுப் பெட்டியோடு கடைக்கு வந்தாள். நிஜாம் நானா பெட்டிக்கு ஸ்டார் கொடுக்காமல் நேராக லட்டுக்குப் போய்விட்டார். ராமையா மட்டும் சிரிக்கவில்லை, அவருக்கு வேறு கவலை.

"ரவுட்டருக்கும் ஒரு பெட்டரி போட்டிருங்க தம்பி, ஆனா எஞ்சின் மேல வேணாம்னு கண்டக்டர்கிட்ட சொல்லிப்புடுங்க."

அதைக் கேட்கக் கூப்பிட்டால், ஆறு மாத உத்தரவாதம் தந்த வியாபாரி இப்போது போனைத் தூக்குவதே இல்லை, ஒரு உத்தரவாதமும் தராத ராமையாதான் இன்றைக்கும் வானம் இருட்டினால் படங்கைத் தூக்கிக்கொண்டு தயாராக நிற்கிறார்.