எதிர்க் கதவில் ஒரு பிடி அரிசி

ஸ்டுட்கார்ட்டில் எங்கள் எதிர்வீட்டுக்காரர் ஓர் இந்தோனேசியர். கட்டையான உருவம். கொட்டும் பனியிலும் ரப்பர் செருப்போடு குப்பை போடப் போவார். அழைப்பு மணியில் முன்பிருந்தவரின் பெயரே இருந்ததால் இவர் பெயர் எனக்குத் தெரியாது.

மாலையானதும் தன் கதவின் கைப்பிடியில் ஒரு தகரக் குவளையைத் தொங்கவிடுவார். உள்ளே ஒரு பிடி அரிசி இருக்கும்.

"நேர்த்திக்கடனாக்கும். போய்க் கேட்டிடாதேங்கோ," என்றாள் மனைவி. நான் கேட்டேன்.

அவருக்கு ஒரே சிரிப்பு. அவருடைய குக்கிராமத்தில் யாரும் வீட்டைப் பூட்டுவதில்லையாம். ஆண்கள் முறைவைத்து இரவுக் காவல் சுற்றி, வாசல்தோறும் தொங்கும் அரிசியை எடுத்துச் செல்வார்களாம். காலையில் குவளை வெறுமையாக இருந்தால், காவல்காரர் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார் என்று அர்த்தம்.

"இஞ்ச ஆர் எடுக்கினம்?" என்றேன், எனக்குத் தெரிந்த ஜெர்மனில்.

"ஒருத்தருமில்லை. விடிய நானே எடுத்துக் கஞ்சி வைக்கிறன்," என்றார் அவரும் தன் ஜெர்மனில்.

கீழ்வீட்டில் களவு போனதிலிருந்து எங்கள் கதவுக்கு மூன்று பூட்டு. மறுநாள் அதிகாலை வேலைக்குப் புறப்பட்டபோது அவருடைய அரிசியை எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். மாலையில் படிக்கட்டில் என்னைக் கண்டவர், பரிசு விழுந்தவரைப் போல இரு கைகளையும் உயர்த்தினார்.

அடுத்த கிழமை எங்கள் கைப்பிடியிலும் ஒரு குவளை தொங்கியது. மனைவி முணுமுணுத்துக்கொண்டே சிவப்பரிசி போட்டாள். காலையில் முதலில் ஓடிப்போய்ப் பார்த்தவளும் அவள்தான்.

"இஞ்சருங்கோ, எடுத்திட்டார்!"

அன்று வெளியே போகும்போது அவள் ஒரு பூட்டோடு நிறுத்திக்கொண்டாள்.