கறந்த சூடு

அடர்த்தியை அளப்பது சுலபம். அளந்ததை நம்பவைப்பதுதான் உத்தியோகம். சோதனைக்கூடத்தில் காலம் தள்ளுகிற யாரும் இதை மறுக்க மாட்டார்கள். எங்கள் கூடம் காஞ்சிபுரத்தில் ஒரு ஜரிகைக் கடையின் மாடியில் இருக்கிறது.

முக்குவதற்கு முன்

திடப்பொருளைக் காற்றில் ஒருமுறை, நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டு ஒருமுறை எடை போடுவோம். குறைகிற எடை அடர்த்தியைச் சொல்லிவிடும். பட்டுக்கடைக்காரர் ஒருவர் உள்ளங்கை அளவு அம்மன் சிலையோடு வந்தார். வெள்ளி என்று வாங்கியது, உள்ளே பித்தளையோ என்று சந்தேகம். தண்ணீர்ப் பாத்திரத்தை நகர்த்தியதும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தண்ணில எறக்கினா அது அபிஷேகம்பா. ராகுகாலம் போவட்டும்."

நுரை

திருப்புட்குழியிலிருந்து கஸ்தூரி வந்தது வேறு கவலையோடு. எங்கள் தெருக் கோயிலுக்குத் தினமும் அபிஷேகப் பால் கொடுக்கும் பால்காரம்மா. கோயில் கமிட்டிச் செயலாளர் லோகநாதன் பாலில் மிதக்கவிட்டு அடர்த்தி பார்க்கிற லாக்டோமீட்டர் ஒன்றைப் புதிதாக வாங்கியிருந்தார். கஸ்தூரியின் கேனில் அது ஆழமாக இறங்கியது. தண்ணீர் கலந்த பால் என்று முடிவாகிவிட்டது. இன்னொரு தடவை இறங்கினால் வாடிக்கை பாக்கெட் பாலுக்குப் போகும்.

"வாடிக்கை போனா போவுது சார். சாமிக்குத் தண்ணி ஊத்துனவள்னு ஊர்ல பேரு நிக்குமே."

கறந்த சூட்டோடு, மொபெட்டில் குலுங்கி, நுரையோடு வந்த பால். சூடும் காற்றும் அடர்த்தியைக் குறைத்துக் காட்டும். நான் பாலை ஆறவைத்து, நுரை அடங்கியபின் அளந்தேன். குறையில்லாத பால். லோகநாதனிடம் போய் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"நீங்க சொல்றது சரிதான் சார். ஆனா மீட்டரு சாமி காசுல வாங்கனது. அது பொய் சொல்லாது."

ஆறிய பால்

மறுநாள் கஸ்தூரி பாலை ஆறவைத்துக் கொண்டுவந்தார். துணைக்கு நானும் போனேன். மீட்டர் சரியான கோட்டில் நின்றது. லோகநாதன் முகம் மலர்ந்து கேனை உள்ளே அனுப்பினார். குருக்கள் கேனைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பினார்.

"ஆறிப்போயிருக்கேம்மா, நேத்திக் கறந்ததா? கறந்த சூட்டோடன்னா அபிஷேகத்துக்குக் கொண்டுவரணும்."

இரண்டு பாத்திரம்

அடுத்த வாரம் கஸ்தூரியைக் கடைத்தெருவில் பார்த்தேன். மொபெட்டில் கேனோடு ஒரு தூக்குவாளியும் தொங்கியது. தூக்கில் முந்தின மாலைப் பால், ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்தது. மீட்டர் அதில் தேவைக்கும் மேலேயே மிதக்கிறதாம். லோகநாதன், "இப்பத்தான் நல்ல பாலா குடுக்கறம்மா" என்று பாராட்டியிருக்கிறார். வாடிக்கையும் போகவில்லை, பேரும் கெடவில்லை. அப்படியானால் கேனில் இருப்பதை யார் அளக்கிறார்கள் என்று கேட்டேன்.

"கேனு சாமிக்கு சார், கறந்த சூடு ஆறாம. சாமி எந்த மீட்டரும் கேக்கல."

இப்போது கோயிலில் அளக்கிற பாலை ஊற்றுவதில்லை, ஊற்றுகிற பாலை அளப்பதில்லை, யாருக்கும் ஒரு புகாரும் இல்லை.