கூட ஒருவர்தான் போகலாம்

வைத்தியம் தெரியாமல் நோயாளிகளின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிற வேலை எங்கள் பிரிவு வேலை. தொண்ணூறுகளில், கோவையில் ஓர் அரசு அலுவலகத்தில், வெளிநாட்டுச் சிகிச்சைக்கு உதவி கேட்டு வருகிறவர்களின் மனுக்கள் என் மேசைக்குத்தான் வரும். மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து ‘இல்லை’ சொல்லிப் பழகியவர்களுக்கு என் பாடு புரியும்.

கிடைக்காத உதவி

நம் நாட்டில் செய்ய முடியாத வைத்தியத்துக்கு மட்டும்தான் உதவி. அதை டாக்டர்கள் குழு தீர்மானிக்கும். கருமத்தம்பட்டியில் தறி ஓட்டிய பழனிசாமி, மனைவியின் இருதய ஆபரேஷனுக்கு லண்டன்தான் கதி என்று யாரோ சொன்னதை நம்பி மனுப் போட்டிருந்தார். சென்னை அரசு ஆஸ்பத்திரியிலேயே செய்துவிடலாம் என்று குழு எழுதிவிட்டது. மனுஷர் உடைந்துபோவாரே என்று, எப்படிச் சொல்வது என்பதைக் காலையிலிருந்து யோசித்துக்கொண்டிருந்தேன். உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, சுற்றிவளைத்துச் சொன்னேன். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“மெட்ராசுலயே பொழைக்க வெச்சுருவாங்களாங்க? இதைச் சொல்றதுக்கா அம்மணி இத்தன சங்கடப்பட்டீங்க?”

எந்தப் பாஷையில்

சரவணம்பட்டிக் குழந்தை மைதிலிக்கு எலும்பு மஜ்ஜை மாற்ற லண்டன் போக அனுமதி கிடைத்தது. கூட ஒருவர்தான் போகலாம். அப்பா பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் வாத்தியார்; அவர்தான் போவார் என்று எல்லோருமே நினைத்தோம். கோவையைத் தாண்டிப் பழக்கமில்லாத அம்மா சுலோச்சனா, அதுவரை வாயே திறக்காதவர், அன்றைக்குத் தான்தான் போவேன் என்றார். மருந்தைப் பற்றி டாக்டர்கள் பேசிக்கொள்வார்கள், குழந்தை அழுதால் யார் சமாதானம் சொல்வது என்று கேட்டார். வாத்தியார் மனைவியின் பெயரையே எழுதச் சொன்னார்.

மாதங்கள் கழித்து, தலையில் புது முடி முளைத்த மைதிலியைக் கூட்டிக்கொண்டு சுலோச்சனா வந்தார். பாஷை தெரியாமல் எப்படிச் சமாளித்தீர்கள் என்று கேட்டேன்.

“நான் தமிழ்ல பேசுனனுங்க, அந்த நர்சம்மா இங்கிலீசுல பேசுனாங்க. புள்ள ரெண்டு பேரு சொன்னதையும் கேட்டுக்கிட்டா.”

எடுத்துப்போடுங்க

பொள்ளாச்சிப் பக்கம் தோட்டம் வைத்திருந்த நாச்சிமுத்துவின் மகனுக்கு மூளையில் கட்டி. காலேஜ் படிக்கிற பையன். அவர் அடிக்கடி வந்து விசாரிப்பார். ஒருநாளும் குரல் உயர்த்தியதில்லை. குழு கூடுவதற்கு முன்பே பையன் போய்விட்டான். காரியம் முடிந்த கையோடு அவர் வந்தார். மனுவை ரத்து செய்ய வேண்டுமாம். இதற்காகவா பஸ் மாறி வந்தீர்கள், ஒரு தபால் கார்டு போட்டிருக்கலாமே என்றேன். மனுவைத் தேடுகிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் என்னைத் தேற்றுகிற மாதிரிச் சொன்னார்.

“எம் பையன் பேரு உள்ள கெடந்தா வரிசைல பொறத்தால இருக்கறவங்க காத்துட்டிருப்பாங்கல்லங்க. எடுத்துப்போடுங்க கண்ணு.”

பிறகு என்னை ரேஷன் கார்டுப் பிரிவுக்கு மாற்றினார்கள்; சர்க்கரை கிடைக்கவில்லை என்று யார் வந்து கத்தினாலும், வீட்டில் எல்லோரும் சௌக்கியமாக இருக்கிறார்கள் போல என்று எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.