மூக்கு போன பின் செய்த கல்யாணச் சமையல்

காய்ச்சல் விட்டு நான் எழுந்து உட்கார்ந்த காலையில், மனைவி சாம்பாருக்குப் பெருங்காயம் பொரித்தாள். அடுப்புக்குச் சற்றுத் தள்ளித்தான் உட்கார்ந்திருந்தேன். எண்ணெய் சீறும் சத்தம் கேட்டது. வாசனை வரவில்லை.

"பெருங்காயம் போட்டுட்டியா?" என்றேன்.

கரண்டியைப் பிடித்தபடியே அவள் திரும்பிப் பார்த்தாள். "வூடே தூக்கிகினு போவுது. உங்களுக்கு வர்லியா?"

நான் திருத்தணியில் கல்யாணச் சமையல் செய்கிறவன். மலைக்கோயிலில் தாலி கட்டிக்கொண்டு கீழே மண்டபத்தில் சாப்பாடு போடுகிறவர்களுக்கும், சுற்று ஊர்களில் வாசலில் பந்தல் போடுகிறவர்களுக்கும் சமைப்பேன். எனக்கு முதலாளி கிடையாது. மனைவியின் தம்பி எனக்குக் கைக்கு உதவி. என்னை பாவா என்று கூப்பிடுவான். முகூர்த்தம் இருந்தால் எங்கள் இரண்டு வீட்டிலும் உலை கொதிக்கும்.

எங்கள் பக்கத்துக் கல்யாணச் சமையலில் ஒரு முறை உண்டு. எல்லாப் பதார்த்தமும் இறக்கியதும் முதல் இலையை மலையைப் பார்த்துப் போட்டுப் படைப்போம். அதுவரை எதையும் யாரும் நாக்கில் வைக்கக் கூடாது. சமைக்கிறவனும்தான். அதனால் நான் உப்பு புளியை ஆவியை முகர்ந்தே சொல்லப் பழகியவன். உப்புக்கு வாசனை இல்லை என்பது எனக்கும் தெரியும். ஆனால் உப்பு சரியாக விழுந்தால் புளியின் பச்சை வாடை அடங்கும். குறைந்தால் அண்டாவின் மேல் வெந்நீர் வாடை நிற்கும். அந்த வித்தியாசம்தான் என் தொழில்.

எனக்குக் காய்ச்சல் வருவதற்கு முன்பே கொரோனா எங்கள் தொழிலை நிறுத்தியிருந்தது. மலைக்குப் போகும் வழியை அடைத்துவிட்டார்கள். மண்டபங்களுக்குப் பூட்டு. பேசிவைத்திருந்த கல்யாணங்களை ஒவ்வொரு வீட்டாரும் போனிலேயே தள்ளிப்போட்டார்கள். சிலர் ஆந்திரா பக்கத்துச் சொந்தக்காரர்கள் எல்லை தாண்டி வர முடியாது என்று வீட்டுக்குள்ளேயே பத்துப் பேரோடு முடித்துக்கொண்டார்கள். ரேஷன் அரிசியில் கஞ்சி வைத்துக் குடித்தோம். அண்டாக்களைத் துடைத்துக் கவிழ்த்து வைப்பதும், சில நாள் கழித்து மறுபடி எடுத்துத் துடைப்பதுமாக இருந்தேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. இரண்டாவது அலையில் எனக்கே காய்ச்சல் வந்தது.

பெரும்பாலானவர்களுக்கு வாசனை திரும்பிவிடும், காத்திருங்கள் என்றார் டாக்டர். எவ்வளவு நாள் என்று கேட்டதற்கு, சொல்ல முடியாது என்றார். நோய் போய்விட்டது, என்னால் யாருக்கும் ஒட்டாது என்பதையும் சோதித்துச் சொல்லிவிட்டார். வேலைக்குப் போகிறவன் என்றால் லீவு கேட்டு எழுதிக் கொடுக்கலாம். நான் யாரிடம் கொடுப்பது?

தினமும் காலையில் பல் துலக்கியதும் ஒரே வரிசையில் முகர்ந்து பார்ப்பேன். முதலில் காப்பித்தூள், பிறகு மிளகு, பிறகு பெருங்காய டப்பா, கடைசியில் மண்ணெண்ணெய். பிறகு டைரியில் 'இன்றும் இல்லை' என்று எழுதுவேன். அதற்கு மேல் எழுத எதுவும் இருந்ததில்லை. மாதங்கள் போயின. டைரியை மூடிவிட்டுச் சுவரைப் பார்த்தபடி அப்படியே உட்கார்ந்திருப்பேன். இனி எழுந்து எதற்கு என்று தோன்றிய நாட்கள் உண்டு. அந்த நாட்களில் மனைவி என்னைத் தனியாக விட்டுக் கடைக்குக்கூடப் போகவில்லை.

ஆள் எண்ணிக்கையைக் குறைத்துக் கல்யாணம் செய்யலாம் என்று ஆனதும், பொதட்டூர்பேட்டையிலிருந்து ஒரு நெசவுக்காரர் தேடி வந்தார். பெரிய மகளுக்குக் கல்யாணம். வீட்டு வாசலிலேயே பந்தல். அவர் தங்கை கல்யாணத்துக்கு நான்தான் சமைத்திருந்தேன்.

"மாஸ்டர், அதே சாம்பாரு, அதே பால் பாயசம். ஊர்ல இன்னும் பேசிகினு இருக்காங்க," என்றார்.

ஒத்துக்கொண்டேன். அவர் போனதும் மைத்துனன் என் முகத்தைப் பார்த்தான். "எப்டி பாவா?"

"நீ அடுப்ப பாரு. உங்க அக்கா வரட்டும். அவ மூக்கு இருக்குதில்ல?"

அப்படித்தான் மனைவி முதல் தடவையாக என்னோடு ஒரு கல்யாணத்துக்கு வந்தாள். விடிந்ததும் பந்தலுக்குப் பின்னால் அடுப்பு மூட்டினோம். சாம்பார் கொதி வந்ததும் அவளைக் கூப்பிட்டேன். மாஸ்க்கை இறக்கி ஆவியின் மேல் குனிந்தாள்.

"இன்னா தெரியுது?"

"சாம்பாரு வாசன."

"அது சாம்பாரு தாம்மே. உப்பு எப்டி?"

"உப்புக்கு ஏதுங்க வாசன?"

"பச்ச வாட அடங்கிச்சா, நிக்குதா?"

"எனுக்கு எல்லாம் ஒரே மாதிரி நல்லாத்தான் இருக்குது."

மைத்துனன் சிரித்துவிட்டான். "நம்ம அக்காவ கேட்டா வேலிக்காத்தான் கொழம்பு கூட நல்லாத்தான் இருக்கும்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை வருடமாக என் மூக்கில் இருந்ததை அவள் மூக்குக்கு எப்படிச் சொல்வது? மைத்துனனுக்கும் அடுப்பு வேலைதான் பழக்கம், ஆவியில் உப்பு பிடிபடாது. முகூர்த்த நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டேன். தொழிலுக்கு வந்ததிலிருந்து செய்யாததைச் செய்தேன், நக்கிப் பார்த்தேன். சூடு தெரிந்தது. மற்றது எதுவும் தெரியவில்லை. வாசனையோடு நாக்கும் மரத்துப் போயிருந்ததை வீட்டில் கஞ்சி குடிக்கும்போதே அறிந்திருந்தேன். இருந்தாலும், முறையை மீறினாலாவது ஏதாவது தெரியும் என்று நினைத்துவிட்டேன்.

மனைவி அதைப் பார்த்தாள். கிருத்திகை தவறாமல் விரதம் இருக்கிறவள் அவள். கரண்டியை என் கையிலிருந்து வாங்கினாள். மலை இருக்கும் திசைக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, கையில் ஊற்றிக் குடித்தாள்.

"உப்பு கம்மி," என்றாள். "புளி சரியா இருக்குது."

ரசம், கூட்டு, பொரியல் எல்லாம் அப்படியே சரிசெய்தோம். ஒவ்வொரு தடவையும் அவள் மலைக்கு முதுகைக் காட்டித்தான் குடித்தாள். பாயசம் மட்டும்தான் பாக்கி. பால் சுண்டிக்கொண்டிருந்தது. வாசலில் கெட்டிமேளம் கொட்டினார்கள்.

"போ, ரெண்டு பேரும் போய் அட்சத போட்டுட்டு வாங்க. நான் பாத்துக்கறேன்," என்றேன்.

துடுப்பைப் பிடித்துக் கிண்டிக்கொண்டே இருந்தேன். கை நிற்கவேயில்லை. ஆனால் அடுப்பில் ஒரு கட்டை சரிந்து ஒரு பக்கம் தழல் அதிகமாகியிருக்கிறது. பால் அடிப்பிடித்தால் முதலில் சொல்வது மூக்குதான். கண்ணுக்குத் தெரியும்போது காரியம் முடிந்திருக்கும். பந்தலுக்குள்ளிருந்து மைத்துனன் ஓடி வந்தான்.

"பாவா! தீயுது பாவா, எறக்கு!"

இறக்கினோம். அண்டா முழுக்க அந்த வாடை ஏறிவிட்டதாம். அவன்தான் சொன்னான். பின்னாலேயே பெண்ணின் அப்பா வந்தார். புது வேட்டியில் மஞ்சள் அரிசி ஒட்டியிருந்தது.

"இன்னா மாஸ்டர் இது? தீஞ்ச வாசன மணவற வரைக்கும் வருது. நீங்க துடுப்ப புடிச்சிகினு பக்கத்துலயே நிக்கிறீங்க. தூங்கிட்டீங்களா?"

உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். வாசனை தெரியாது என்றால் கொரோனா என்றுதான் அன்று எல்லோருக்கும் அர்த்தம். பழைய காய்ச்சல், இப்போது ஒன்றும் இல்லை என்று யார் நின்று கேட்பார்கள்? சம்பந்தி வீட்டார் கை நனைக்காமலே எழுந்து போவார்கள். சமைத்ததெல்லாம் மண்ணுக்குப் போகும். அந்தப் பெண்ணின் கல்யாணம் அப்படி ஆகிவிடும்.

"ஆங். கண்ணசந்துட்டேன்," என்றேன்.

அதற்குள் அங்கே வந்துவிட்ட மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். அவர் சத்தம் போடவில்லை. கடைத்தெருவுக்கு ஆள் அனுப்பி லட்டு வாங்கி வரச் செய்தார். பந்தி நடந்தது. சாம்பாரைக் கேட்டுக் கேட்டு ஊற்றிக்கொண்டார்கள். எதுவும் என் காதில் ஏறவில்லை.

பாத்திரங்களை வண்டியில் ஏற்றும்போது அவர் மைத்துனனைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். திரும்பி வந்தவன் கயிற்றை இழுத்துக் கட்டுவதிலேயே குறியாக இருந்தான்.

"இன்னா சொன்னாரு?"

"சின்னப் பொண்ணுக்கும் பேசி முடிச்சிட்டாங்களாம். என்னிய வந்து செய்யச் சொல்றாரு. என்னிய மட்டும்." கயிற்றை விட்டான். "நான் முடியாதுன்னு சொல்லிட்றேன் பாவா."

"உன் வூட்லயும் அடுப்பு எரியணும். ஒத்துக்க."

"உன்னிய வுட்டுட்டு எப்டி?"

"காய் நறுக்க ஆள் வேணுமில்ல?"

அவன் அக்காவைப் பார்த்தான். அவள் வண்டியில் ஏறி உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

அந்தக் கல்யாணத்துக்குப் போனேன். அடுப்புக்கு எதிர்ப்புறம், காய் நறுக்கும் பெண்களோடு சாக்கு விரித்து உட்கார்ந்தேன். மைத்துனன் ஆவியின் மேல் குனிந்து கண்ணை மூடி நின்றான். பிறகு திரும்பி என்னைப் பார்த்தான். எதையோ கேட்க வந்தவன், அண்டாவின் பக்கம் திரும்பிக்கொண்டான். நான் வெங்காயத்தை எடுத்து நறுக்க ஆரம்பித்தேன். கண் எரிந்தது. வாசனை வரவில்லை.