பக்கத்து மேசைக்காரி

கண்காட்சிக்கு ஒரு கிழமைக்கு முன் என் அலுமாரியின் கீழ்த் தட்டுகள் இரண்டையும் வெறுமையாக்கினேன். அவற்றிலிருந்த சேலைகளைக் கட்டிலின் ஓரத்தில் குவித்துவிட்டு, வெறும் தட்டுகளைப் பார்த்தபடி நின்றேன். தங்கச்சி குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனால் அவளுடைய இரண்டு பெண்பிள்ளைகளும் என்னுடன்தான் இருப்பார்கள். அவர்களின் உடுப்புக்கு இடம் வேண்டும். பயணத்துக்கான மெடிக்கல் முடிந்துவிட்டது. கண்காட்சி சனிக்கிழமை. திங்கட்கிழமை ஏஜென்சிக்காரர் தொலைபேசி எடுப்பார். வருவதா இல்லையா என்று அவள் அப்போது முடிவாகச் சொல்லிவிட வேண்டும்.

தங்கச்சி பச்சைக் குழந்தைகளுக்கு உடுப்புத் தைப்பவள். சட்டை, தொப்பி, போர்வை என்று பிறந்த பிள்ளைக்கு வேண்டியதெல்லாம் அவள் கையால் வரும். கணவர் ஓட்டோ ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில் அது கைச்செலவுக்கு ஒரு தொழில். அவருக்கு முதுகு வருத்தம் வந்து, பிள்ளைகளைத் தனியே பார்க்கவும் ஏலாமல், ஓட்டோவை விற்ற பிறகு முழு வீடும் அந்தத் தையல் மெஷினை நம்பி இருந்தது. யாராவது சொல்லி யாராவது வந்தால் உண்டு. வராத மாதம் வராததுதான். அப்படித்தான் குவைத் கதை வீட்டுக்குள் வந்தது.

"எனக்கு மட்டும் போக விருப்பமே அக்கா?" என்று கேட்டாள். "இந்தக் கண்காட்சியில நாலைஞ்சு மாசத்துக்குக் காணுமான ஓடர் கிடைச்சா நான் போகேல்லை. கிடைக்காட்டி நீங்கள் என்னை மறிக்கக் கூடாது."

சரி என்று தலையை ஆட்டினேன். ஆட்டிய நாளிலிருந்து ஒழுங்கான நித்திரை இல்லை. அந்தப் பிள்ளைகள் எனக்கு உயிர். ஆனால் சின்னவள் இன்னும் தாயின் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குகிறாள். என் சட்டை நுனியைக் கொடுத்துப் பார்த்தேன். மணந்து பார்த்துவிட்டுத் திருப்பித் தந்துவிட்டாள்.

கண்காட்சி என் யோசனை. காலமெல்லாம் படிப்பித்து ஓய்வு பெற்றவளால் ஆட்களை வரிசையில் நிறுத்தாமல் இருக்க முடியாது. வீட்டிலிருந்து தொழில் செய்யும் பெண்களை ஒரே கூரையின் கீழ் இருத்தினால் ஊர் வந்து பார்க்கும், பார்த்தால் வாங்கும் என்று நம்பினேன். எங்கள் பங்குத் தந்தையிடம் மண்டபத்தைக் கேட்டேன். ஞாயிறு பூசைக்கு முன் கூட்டித் துப்புரவாக்கித் தர வேண்டும் என்று சொல்லித் திறப்பைத் தந்தார். கிண்ணியாவிலிருந்து வட்டிலப்பம் என்ற இனிப்புச் செய்யும் முஸ்லிம் அக்கா ஒருவர், எல்லாருக்கும் அவர் ராத்தா, வருவதாகச் சொன்னார். ஈச்சிலம்பற்றிலிருந்து கூடை பின்னும் பெண் ஒருவர், டவுனில் கேக் அடிப்பவர்கள், சம்பல் தூள் இடிப்பவர்கள் என்று ஆட்கள் சேர்ந்தார்கள். எங்கள் பங்கில் பன்றி இறைச்சி ஊறுகாய்க்குப் பேர்போன அன்ரி ஒருவர் இருக்கிறார். கிண்ணியாச் சனமும் வந்து இருக்கப்போகும் மண்டபம், இந்த முறை தேசிக்காய் ஊறுகாயோடு வாருங்கள் என்று அவரிடம் கேட்டேன். வருகிறேன் என்றார், ஆனால் அதற்குப் பிறகு என் முகத்தைப் பார்த்துக் கதைக்கவில்லை. எல்லாரிடமும் வாங்கிக் கட்டுவதும் ஏற்பாட்டாளரின் வேலைதான் என்று அடுத்த ஆளைத் தேடிப் போனேன்.

சனிக்கிழமை காலையில் மேசைகளைச் சுவரோடு சுற்றிவரப் போட்டோம். துறைமுகப் பக்கத்து ஜன்னல்களைத் திறந்ததும் காற்று வந்து விரிப்புகளைத் தூக்கியது. வெளியே போய்க் கல் பொறுக்கி வந்து மூலைக்கு மூலை வைத்தோம். ஒவ்வொருவரையும் அவரவர் சாமானுக்குப் பின்னால் கதிரை போட்டு இருத்தினேன். "வாய் திறந்து கதையுங்கோ, உங்கட சாமானைப் பற்றிச் சொல்லுங்கோ" என்று புத்தியும் சொன்னேன்.

சனம் வந்தது. நான் எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே வந்தது. வந்து, சுற்றிப் பார்த்து, சுகம் விசாரித்து, சிரித்து, வெறுங்கையோடு வெளியே போனது.

என்ன நடக்கிறது என்று பார்க்கத் தங்கச்சியின் மேசைக்கு அருகில் போய் நின்றேன். வயிறு தள்ளிய இளம் பெண் ஒருத்தி தாயுடன் வந்தாள். ஒரு குட்டிச் சட்டையை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். தையல் எல்லாம் வெளிப்பக்கம் தெரிந்தது.

"இதென்ன, உள்பக்கம் வெளியில கிடக்கு?" என்று கேட்டாள்.

தங்கச்சிக்கு முகம் சிவந்துவிட்டது. "ஓம், அது அப்பிடித்தான். நான் தைக்கிறது பெரிசா ஒண்டுமில்லை. அந்த முன் மேசையில கூடை வடிவா இருக்கு, பிள்ளைர சாமான் போட உதவும். போய்ப் பாருங்கோ."

அவர்கள் சொன்னபடி போனார்கள். நானும் பின்னால் போனேன். கூடைக்காரி கூடையைக் கீழே வைத்துவிட்டு, "இது சும்மா பொழுதுபோகாமப் பின்னினது. நீங்கள் அந்த வட்டிலப்பத்தைச் சாப்பிட்டுப் பாருங்கோ" என்றாள். வட்டிலப்ப ராத்தாவோ, "இண்டைக்கு நெனச்ச மாதிரி வரல்ல மகள், நீங்க அந்தக் கேக்கைப் பாருங்க" என்றார். கேக் அடிப்பவள் ஊறுகாயைப் புகழ்ந்தாள். ஊறுகாய் அன்ரி, "குழந்தைச் சட்டை பார்த்தனீங்களோ? நல்லாத் தைக்கிற பிள்ளை அது" என்று அவர்களைத் திரும்பத் தங்கச்சியிடமே அனுப்பினார். அதற்குள் தாய்க்குக் கால் உளைந்துவிட்டது. ஒரு கதிரையில் போய் இருந்துவிட்டார்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ஒரு தங்கமான கூட்டத்தைச் சேர்த்து வைத்திருக்கிறேன், ஒருத்திக்கும் விற்க வாயில்லை. திங்கட்கிழமை அந்தத் தொலைபேசி அடிக்கப் போகிறது, இவள் கூடையைப் பாருங்கோ என்கிறாள்.

கோபம் தணிந்தபோதுதான் புத்தி வேலை செய்தது. எங்கள் பக்கத்தில் வீட்டுத் தொழிலுக்குப் பெயர்ப்பலகை கிடையாது. 'அவவிட்டைப் போங்கோ, நல்லாச் செய்வா' என்று இன்னொருத்தி சொல்ல வேண்டும். தன் கைவேலையைத் தானே புகழ்ந்தால் அது பீற்றல், கேட்கிறவருக்கும் கூச்சம். இத்தனை பேரும் அடுத்தவள் வாயால் பிழைத்தவர்கள். அவர்களைப் பிடித்துக் கொண்டுவந்து, அவரவர் சாமானுக்குப் பின்னால் இருத்தி, நீயே உன்னைப் பற்றிச் சொல் என்று நான் சொல்லியிருக்கிறேன்.

மேடைக்கு ஏறி மைக்கை எடுத்தேன்.

"எல்லாரும் எழும்புங்கோ! கைப்பையை மட்டும் எடுங்கோ. எல்லாரும் வலப்பக்கத்து மேசைக்கு மாறுங்கோ. இனி ஒருத்தரும் தன்ர சாமானைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. போய் இருக்கிற மேசையில உள்ள சாமானை மட்டும் வில்லுங்கோ."

"டீச்சருக்கு என்ன நடந்திட்டு?" என்று ராத்தா பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டது மேடை வரைக்கும் கேட்டது. ஆனாலும் எல்லாரும் எழும்பினார்கள். பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியில் சங்கீதக் கதிரை நடந்ததுபோல் மண்டபம் முழுக்க ஒரே சிரிப்பு.

ராத்தாவுக்கு வாய்த்தது தங்கச்சியின் மேசை. இருந்த கையோடு ஒரு சட்டையை எடுத்து உள்ளும் புறமும் பார்த்தார். அடுத்த மேசைக்கு மாறியிருந்த தங்கச்சியிடம் ஏதோ கேட்டார். அவள் தலை குனிந்தபடி ஏதோ சொன்னாள். பிறகு ராத்தாவின் குரல் கூரையைத் தொட்டது.

"இஞ்ச வாங்க மகள்! நீங்கதான், வயித்துப் புள்ளக்காரி! உள்பக்கம் வெளிய கிடக்கெண்டு சொன்னீங்களே. ஏன் தெரியுமா? பச்சப்புள்ளட மேல்ல ஒரு நூல் கூட உரசக் கூடாதெண்டு தையல வெளிய விட்டிருக்கா. என்ட பேரன் இரவெல்லாம் அழுதான். சட்டயக் கழட்டிப் பார்த்தா தையல் பட்ட இடமெல்லாம் செவந்து கிடக்கு. கைய உள்ளுக்கு விட்டுப் பாருங்க. விட்டுப் பாருங்க எண்டுறன்!"

அந்தப் பெண் கையை உள்ளே விட்டாள். பிறகு தாயை எழுப்பிக் கொண்டுவந்து தாயின் கையையும் விட்டாள். சுற்றி நின்றவர்களும் ஒவ்வொரு சட்டையாக எடுத்துக் கையை விட்டார்கள். கையை விட்டவர்கள் மேசையை விட்டுப் போகவில்லை. எனக்கு அங்கேயே கண் கலங்கிவிட்டது. ஜன்னல் பக்கம் திரும்பிக் கப்பல் பார்ப்பதுபோல் நின்றேன்.

தங்கச்சிக்குக் கிடைத்தது ஊறுகாய் மேசை. என் தங்கச்சிக்கு இத்தனை பெரிய குரல் இருப்பது அன்றுதான் எனக்குத் தெரியும். "இது இருந்தாச் சோத்துக்கு வேற கறி தேவையில்லை, வாங்கோ!" என்று கூவிக்கொண்டிருந்தாள். மத்தியானத்துக்குள் போத்தல்கள் முடிந்தன. ஊறுகாய் அன்ரி எனக்கு நேரே வந்து, முகம் பார்த்து, "தேசிக்காயும் பரவாயில்லை டீச்சர்" என்றார்.

பின்னேரம் பிரசவ வாட்டில் வேலை செய்யும் நேர்ஸ் ஒருவர் வந்தார். ஒரு சட்டையைக் கன்னத்தில் தேய்த்துப் பார்த்துவிட்டு, மாதாமாதம் தர ஏலுமா என்று ராத்தாவிடம் கேட்டார். "ஏன் ஏலாது?" என்றார் ராத்தா, தானே தைக்கப் போவதுபோல். வந்த ஓடர்களை எல்லாம் தன் ஃபோனில் குரல் பதிவாகப் பேசிப் பேசி, தங்கச்சியின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார்.

ஞாயிறு பூசை முடிந்து என் வீட்டுக் குசினியில் இருந்து அவற்றைக் கேட்டோம். "பொம்புளப் புள்ளயாம், மஞ்சள் வேணுமாம்." "இவக்கு ரெட்டப் புள்ள, கெதியாத் தைங்க." ஒன்று முடிய இன்னொன்று ராத்தாவின் குரலில் வந்துகொண்டே இருந்தது. பிள்ளைகள் அந்தக் குரலைப் பழித்துக் காட்டிச் சிரித்தார்கள். தங்கச்சி விரல்களை மடக்கி மடக்கி ஏதோ கணக்குப் பார்த்தாள். போதுமா என்று கேட்க எனக்குப் பயமாக இருந்தது. அதனால் கேட்கவில்லை.

திங்கட்கிழமை அவள் என் வீட்டில் இருந்தபோதே தொலைபேசி வந்தது. எழும்பி வெளியே போவாள் என்று நினைத்தேன். போகவில்லை.

"இல்லை அண்ணன், நான் வரேல்லை" என்றாள். அந்தப் பக்கம் ஏஜென்சிக்காரர் நெடுநேரம் கதைத்தார். வீட்டில் சும்மா இருந்து என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டிருக்க வேண்டும். தங்கச்சி நிமிர்ந்து இருந்தாள்.

"சும்மா இருக்கேல்லை. நான் தைக்கிறனான். நல்லாத் தைப்பன். பச்சைக் குழந்தைக்கு என்னை மாதிரி இஞ்ச ஒருத்தரும் தைக்கிறேல்லை."

சொல்லி முடித்துத் தொலைபேசியை வைத்தவள், என்னைப் பார்த்ததும் வெட்கப்பட்டுக் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் அவளைக் கட்டிப் பிடித்து அழுதேன். எதற்கு அழுகிறோம் என்று தெரியாமல் சின்னவளும் வந்து அழுதாள், தாயின் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு.

பொழுதுபட அவர்கள் மூவரும் தங்கள் வீட்டுக்குப் போனார்கள். நான் அறைக்குள் வந்து, கட்டிலில் குவிந்து கிடந்த சேலைகளை மடித்து அலுமாரியின் கீழ்த் தட்டுகளில் வைத்தேன். ஒரு கிழமைக்கு மேலாக அந்தக் குவியலுக்குப் பக்கத்தில் ஒடுங்கிப் படுத்தவள், அன்றைக்குக் கை காலை நீட்டிப் படுத்தேன்.