காசாபிளாங்காவில் பஸ்ஸை விட்டு இறங்கியவன்

பாரிசில் எங்கள் தமிழ்க் கடைகள் இருக்கும் லா சப்பலில் அந்தக் கோடை முழுக்க ஒரே கதைதான். சமாதான ஒப்பந்தம் வந்துவிட்டது, சண்டை முடிந்தது, இனி ஊருக்குப் போகலாம். கடையில் வெண்டைக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றவர்கள்கூடப் பெட்டி கட்டுவதைப் பற்றித்தான் பேசினார்கள். எனக்கு அந்தப் பேச்சைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். வீட்டிலும் அதே பேச்சு. என் மனைவி பாரிசுக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை.

"அம்மா அங்கை தனிய. நான் போகப்போறன்" என்று சொல்லிவிட்டாள்.

போனால் திரும்பி வர முடியாது. அகதிகளுக்குக் கொடுக்கும் பயணப் பத்திரம்தான் எங்கள் இருவரிடமும் இருந்தது. எல்லா நாடுகளுக்கும் செல்லும், இலங்கையைத் தவிர என்று அதில் அடித்திருக்கும். அதை ஒப்படைத்துவிட்டுத்தான் அவள் போகவேண்டும். எனக்கோ அங்கே திரும்பிப் போகிற எண்ணமே இல்லை. சேர்ந்து வாழத் தொடங்கிய கையோடு பிரிவதா?

ஆகஸ்டில் முதலாளி ரெஸ்டோரண்டைப் பூட்டிவிட்டு விடுமுறைக்குப் போனார். குசினியில் என்னோடு வேலைசெய்த மொரோக்கோக்காரன், என் மனைவியைத் தன் ஊரான காசாபிளாங்காவுக்குக் கூட்டிப்போகச் சொன்னான். கடலையும் வெயிலையும் பார்த்தால் மனம் மாறுமாம். விசாவைக் குத்திக்கொண்டு ஒரு வாரச் சுற்றுலாவுக்குக் கிளம்பினோம். அவள் ஒரு நிபந்தனை போட்டாள்.

"வாறன். ஆனால் திரும்பி வந்த பிறகு என்னை மறிக்கக் கூடாது."

காசாபிளாங்காவில் நான் ஒரு நிமிடம் சும்மா இருக்கவில்லை. விடிந்தால் அவளை எழுப்பி, அகலமான வெள்ளைத் தெருக்களில் இழுத்துக்கொண்டு திரிந்தேன். பழைய நகரத்துச் சந்தில் கடைக்காரர்கள் எங்களைப் பார்த்து "இந்தியா, இந்தியா" என்று கூப்பிட்டார்கள். புதினாத் தேநீர் வாங்கிக் கொடுத்தேன். கடற்கரையில் கூட்டம் கூட்டமாகக் குளித்தார்கள். அவள் மணலில் இறங்க மறுத்து, தூரத்துக் கப்பலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அது நேவியோ?"

"விசர்க்கதை கதையாதையும். அது மீன்பிடிக் கப்பல். இஞ்சை ஒருத்தரும் உம்மைச் சுடமாட்டினம். பயத்தை விடும். என்னைப் பாரும், எனக்கென்ன பயம் இருக்கு?"

இதையே பாரிசிலும் காலையும் மாலையும் சொல்லிக்கொண்டிருந்தேன். மெற்றோவில் பொலிஸ்காரரைக் கண்டால் அவள் ஒதுங்குவாள், நான் சிரிப்பேன். இந்த வாய்க்கு ஒன்றும் குறைச்சல் இல்லை.

கடைசிக்கு முதல் நாள் சுற்றுலாக் கம்பெனிக்காரர் எங்களைத் தெற்கே ஒரு கடற்கரைக்கு ஏற்றிப்போனார்கள். பஸ் நிறைய பிரெஞ்சுக்காரர். அவள் ஜன்னலோரம், நான் பக்கத்தில், அரைத் தூக்கம். நகரம் முடிகிற இடத்தில் பஸ் நின்றது. கண்ணைத் திறந்தேன். வீதிக்குக் குறுக்கே தடை, சீருடைக்காரர், கையில் துவக்கு.

அதற்குப் பிறகு நடந்ததை நான் யோசித்துச் செய்யவில்லை. எங்கள் ஊரில் ஆமிக்காரரின் சென்றித் தடையில் பஸ் நின்றால் எல்லாரும் இறங்கவேண்டும். அடையாள அட்டையைக் கையில் பிடித்து, வரிசையாகத் தலை குனிந்து நடந்து, அந்தப் பக்கம் போய் ஏறவேண்டும். நான் இறங்கினேன். பயணப் பத்திரத்தைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தபடி நடந்தேன். தடையைத் தாண்டிய பிறகுதான் பின்னால் காலடிச் சத்தமே இல்லை என்பது உறைத்தது.

திரும்பிப் பார்த்தேன். ஒரு குஞ்சுகூட இறங்கவில்லை. சாரதி பஸ்ஸுக்குள் இருந்தபடியே பொலிஸ்காரரோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான். ஜன்னல் ஜன்னலாக முகங்கள் என்னையே பார்த்தன. வழிகாட்டி, எங்கே போகிறாய் என்று பிரெஞ்சில் கத்தினான். என் கை இறங்க மறுத்தது. இறக்கினால் சுட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன். வெட்கக்கேடு, ஆனால் அதுதான் உண்மை.

அவள் இறங்கி வந்தாள். ஓடவில்லை. அந்தத் துவக்குக்காரனைக் கடந்து நேரே வந்து, என் கையை மெல்லக் கீழே இறக்கி, பத்திரத்தை வாங்கித் தன் கைப்பைக்குள் வைத்தாள்.

"எங்களை ஒருத்தரும் கூப்பிடேல்லை. வாங்கோ, ஏறுவம்."

பஸ் வெளிக்கிட்டது. முன் சீற்றுப் பெண்மணி தண்ணீர்ப் போத்தலை நீட்டினாள். குடிக்கப் பார்த்தேன், சட்டையெல்லாம் தண்ணீர். மனைவி கைலேஞ்சியால் துடைத்துவிட்டாள். பிறகு ஜன்னலைப் பார்த்தபடி சொன்னாள்:

"நான் ஊருக்குப் போகேல்லை."

"ஏன்?"

"பயமில்லை, பயமில்லை எண்டு எனக்குப் படிப்பிச்ச ஆள் நீங்கள். உங்களை இப்பிடி விட்டிட்டு எப்பிடிப் போறது?"

அவளை மறிக்கத்தானே அவ்வளவு தூரம் கூட்டிப்போனேன். ஆனால் சந்தோஷம் வரவில்லை, அழுகைதான் வந்தது. அவள் என் கையை விடவில்லை, ஜன்னலிலிருந்து முகத்தையும் திருப்பவில்லை.

"அம்மாவுக்கு என்ன சொல்லுறதெண்டு நீங்களே யோசியுங்கோ" என்றாள்.